புது கம்பைன் வாங்க: விலையைப் பார்ப்பதா, பழைய டீலரைப் பார்ப்பதா?

ஈரவயல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கம்பைன் (அறுவடை இயந்திரம்) இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இன்னொரு அறுவடைக்கு அதை நம்பி வயலில் இறங்க மனம் வரவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. எதை வாங்குவது என்பதில்தான் பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது.

நிலத்தில் பெரும்பங்கு நெல். மேட்டுப் பக்கம் கோதுமையும் மக்காச்சோளமும் போடுகிறோம். நெல் வயல் அறுவடை நேரத்திலும் முழுசாகக் காய்வதில்லை. காற்றடித்தால் பயிர் சாய்ந்துவிடும். எங்கள் வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்தில் கூலிக்கும் ஓட்டுவோம். வருஷத்தில் வண்டி ஓடும் நாட்கள் குறைவுதான். ஓடும்போது இரவு பகல் பார்க்காமல் ஓடும்.

அப்பா காலத்திலிருந்து ஒரே டீலர், ஒரே நிறம், அதாவது ஒரே கம்பெனி. இப்போது இன்னொரு கம்பெனியின் டீலர் ஏறக்குறைய அதே அளவு இயந்திரத்துக்கு நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைத்து விலை சொல்கிறார். எங்கள் பழைய வண்டிக்கும் கூடுதலாக மதிப்புப் போடுகிறார். ஆனால் அவர் கடை எங்களுக்கு இரண்டு மடங்கு தூரம். தம்பி "இவ்வளவு பணத்தை யாராவது விடுவார்களா" என்கிறான். அப்பா "நடு ராத்திரியில் போன் எடுக்கிற ஆளை விட்டுவிட்டுப் போகாதே" என்கிறார். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே படுகிறது.

ரோட்டார் நல்லதா, வாக்கர் நல்லதா என்றும் சொல்லுங்கள். குறைந்த மணி நேரம் ஓடிய பழைய வண்டி ஒன்றும் பார்வையில் இருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுத்தீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேட்டுநிலம் எழுதியது:

ரோட்டாரா வாக்கரா என்பதற்கு மட்டும் நான் சொல்கிறேன். விலை விவகாரத்தை மற்றவர்கள் சொல்லட்டும்.

வாக்கர் வண்டியில் குறுக்கே கிடக்கும் உருளை கதிரை அடிக்கும். அப்புறம் நீளமான வாக்கர்கள் வைக்கோலை உதறி உதறி மீதி மணியைக் கீழே விழவைக்கும். ரோட்டார் வண்டியில் நீளமான உருளை ஒன்று கூண்டுக்குள் சுழன்று, அடிப்பதையும் பிரிப்பதையும் சேர்த்தே செய்யும். நியூ ஹாலண்ட் 1975-இல் இரட்டை ரோட்டார் வண்டியைக் கொண்டுவந்தது. 1977-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஒற்றை ரோட்டாரை நீளவாக்கில் வைத்து ஆக்சியல் ஃப்ளோ என்று விட்டது. இன்றைய கேஸ் ஐஎச் வண்டிகள் அந்த வழியில் வந்தவை. கிளீனர் கம்பெனி வண்டியில் ரோட்டார் குறுக்கே இருக்கும். ஜான் டியரில் எஸ் வரிசை ஒற்றை ரோட்டார், பெரிய எக்ஸ்9 இரட்டை. கிளாஸ் கம்பெனியின் லெக்சியனில் முன்னால் உருளை அடித்துக் கொடுக்கும். பின்னால் பிரிப்பதற்கு மாடலைப் பொறுத்து வாக்கரோ ரோட்டாரோ இருக்கும்.

மக்காச்சோளத்துக்கு ரோட்டார்தான். மணி உடைவது குறையும். வைக்கோலை முழுசாகக் கட்டி விற்கிறவர்கள், மாட்டுக்கு வைத்துக்கொள்கிறவர்கள் வாக்கர் பக்கம் போவார்கள், ஏனென்றால் ரோட்டார் தாளை நொறுக்கிவிடும். ஈர வைக்கோல் ரோட்டாருக்குள் கயிறாக முறுக்கிக்கொள்ளும், இன்ஜினையும் இழுக்கும். அதனால் நெல்லுக்கு என்றால் முள் பல் வைத்த ரோட்டார் இருக்கிறதா, அதற்கான கான்கேவ் (ரோட்டாருக்கு அடியில் இருக்கும் வளைந்த கம்பிச் சல்லடை) கிடைக்கிறதா என்று கேளுங்கள். கோதுமைக்கான ராஸ்ப் பாரை (வரி போட்ட தேய்ப்புக் கம்பியை) வைத்துக்கொண்டு ஈர நெல்லில் இறங்கினால் இயந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

நெல் மட்டும்தான், வயலும் சின்னது என்றால் கதை வேறு. குபோட்டா, யன்மார், இசெக்கி மாதிரி ஜப்பான் கம்பெனிகள் கதிரை மட்டும் உள்ளே விட்டு, தாளை முழுசாக வெளியே விடுகிற வண்டிகள் செய்கின்றன. வைக்கோல் அழகாக வரும், இன்ஜினுக்கும் சுமை குறைவு. ஆனால் உங்களுக்குக் கோதுமையும் மக்காச்சோளமும் இருப்பதால் அது ஒத்துவராது.

பட்டறைநிழல் எழுதியது:

தம்பி, நான் டீலர் பட்டறையில் மெக்கானிக்காகப் பல வருஷம் இருந்துவிட்டு அப்புறம் சொந்த நிலத்துக்கு வந்தவன். கவுன்டருக்கு இந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன், அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் வாங்குவது இரும்பு என்றா நினைக்கிறீர்கள்? அறுவடை நடக்கும் அந்தச் சில வாரங்களில் வண்டி நிற்காமல் ஓடும் என்கிற உறுதியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அந்த உறுதியில் பாதியைத்தான் கம்பெனி தருகிறது. மீதியைத் தருவது டீலரின் உதிரிபாக அலமாரியும் அவருடைய மெக்கானிக்கும்.

பட்டறையில் இருந்த காலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனி எது என்பது வேண்டாம், எல்லா நிறத்திலும் இப்படி நடந்திருக்கிறது. ரோட்டாரின் வேகத்தை அளக்கும் சென்சார் ஒன்று போய்விட்டது. விரல் நீளம்கூட இருக்காது. வண்டியில் வேறு எந்தக் குறையும் இல்லை. பெல்ட் புதுசு, கத்தி புதுசு. ஆனால் ரோட்டார் சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாததால் அது முன்னால் பயிரை அறுக்கும் ஹெட்டரை ஓட விடவில்லை. அந்தச் சின்ன சாமான் டீலரிடம் இல்லை, தொலைவில் இருந்த பெரிய கிடங்கில்தான் இருந்தது. அது வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நூற்றுக்கு எட்டு, பத்து என்று விலையில் மிச்சம் பிடித்த கணக்கெல்லாம் அந்த மழையோடு போயிற்று.

நெல்லில் இந்தத் தாமதம் இன்னும் கொடுமை. மணியில் ஈரம் நூற்றுக்கு 20-லிருந்து 25 வரை இருக்கும்போது அறுப்பது நல்லது. அதற்கும் கீழே காய்ந்து நின்றால் மணி உதிரும். காய்ந்த மணி மேல் பனியோ மழையோ பட்டு மறுபடி நனைந்தால் உள்ளே கீறல் விழும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆலையில் அரைக்கும்போது குருணையாகக் கொட்டும். ஆக வண்டி நிற்பதால் எடையும் போகிறது, தரமும் போகிறது.

அதனால் டீலர் கடைக்குப் போனால் ஷோரூமுக்குள் நுழையாதீர்கள். நேராக உதிரிபாக கவுன்டருக்குப் போங்கள். நீங்கள் பார்க்கும் மாடலைச் சொல்லி, கத்தித் துண்டு, விரல் கார்டு, பிரதான பெல்ட், தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரின் சங்கிலி, வேக சென்சார், ஹெட்டர் ஓட்டும் பேரிங் இதெல்லாம் இப்போது அலமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். "வரவழைத்துத் தருகிறோம்" என்ற பதில் எத்தனை முறை வருகிறது என்று கவனியுங்கள். ஹைட்ராலிக் குழாயை அங்கேயே அழுத்திக் கட்டித்தருகிற இயந்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். குழாய் வெடிப்பது எந்த வண்டியிலும் நடக்கும். அரை மணியில் புதுசு கிடைப்பதும் மறுநாள் கிடைப்பதும் ஒன்றல்ல.

அப்புறம் மெக்கானிக். இந்த மாடலில் பயிற்சி எடுத்தவர் எத்தனை பேர், அறுவடை நேரத்தில் ஒருவர் தலையில் எத்தனை வண்டி விழுகிறது என்று கேளுங்கள். வண்டி விற்பவரிடம் கேட்டால் இனிப்பாகப் பதில் வரும். பட்டறைக்குள் போய் ஸ்பேனர் பிடித்த கையிடம் கேளுங்கள்.

உங்கள் அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். நடு ராத்திரியில் போன் எடுத்த அந்த ஆள் இன்னும் அங்கே இருக்கிறாரா? கடையின் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், முதலாளி மாறியிருப்பார், நல்ல மெக்கானிக் வெளியே போயிருப்பார். கம்பெனிகளே கைமாறுகின்றன. கேஸும் நியூ ஹாலண்டும் 1999-இல் ஒரே வீடாகின. 1990-இல் உருவான ஆக்கோ கம்பெனியின் கைக்குள் இன்று கிளீனர், மாசி ஃபெர்குசன், ஃபென்ட் மூன்றும் இருக்கின்றன. நிறத்துக்கு விசுவாசமாக இருந்து என்ன செய்வது? விசுவாசம் ஆளுக்கு இருக்கட்டும். அந்த ஆள் இருக்கிறவரை இருக்கட்டும்.

விலைக்கு வருகிறேன். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஹெட்டர் சேர்ந்த விலையா, தனியா? மக்காச்சோள ஹெட்டர்? வைக்கோல் வெட்டி? வண்டியைக் கொண்டுவந்து இறக்கும் செலவு யாருடையது? ஜிபிஎஸ் வசதிக்கு வருஷ சந்தா உண்டா? வாரண்டி வருஷக் கணக்கா, மணிக் கணக்கா, எது முதலில் வருகிறதோ அதுவா? வட்டி இல்லாத கடன் என்று சொல்வார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டால் அந்த வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் சரிசெய்த பிறகும் எட்டுப் பங்கு வித்தியாசம் நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பாதிதான் நிற்கும்.

பழைய வண்டிக்குக் கூடுதல் மதிப்பு என்கிறாரே, அதையும் தனியாகப் பார்க்காதீர்கள். புதுசின் விலையில் ஏற்றி, பழசின் விலையில் கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். பழசைக் கழித்துக் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்ற ஒரே எண்ணைக் கேளுங்கள். அதோடு, சில வருஷம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று கழித்து, ஓட்டப்போகும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். உங்கள் பகுதியில் அதிகம் ஓடுகிற வண்டிக்கு மறுவிற்பனையில் மதிப்பு நிற்கும். தனியாக ஒன்று மட்டும் ஓடினால் வாங்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

குறைந்த மணி ஓடிய பழைய வண்டி என்றீர்கள். எந்த மணி? இன்ஜின் மணி வேறு, கதிர் அடித்த மணி வேறு. இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். அதையும் நம்பி நிற்காமல் கையால் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு, தானியத் தொட்டியின் அடியில் தானியத்தைத் தள்ளும் திருகான ஆகரின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். புதுசில் அது தட்டையாக, தடிமனாக இருக்கும். நெல்லில் நிறைய ஓடியிருந்தால் தேய்ந்து தேய்ந்து கத்தி முனைபோல் ஆகியிருக்கும், விரலை மெதுவாக வையுங்கள். நெல் உமியில் சிலிக்கா அதிகம். அது உப்புத்தாள் போட்டதுபோல் இரும்பை அரித்துவிடும். மீட்டரில் என்ன எழுதியிருந்தாலும் அந்த விளிம்பு பொய் சொல்லாது. அதேபோல் கான்கேவ் கம்பிகள் வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, எலிவேட்டரின் கீழ் மூடியைத் திறந்தால் தகடு காகிதமாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் பளபளப்பை யாரும் விலைக்கு வாங்க வேண்டாம்.

நான்குநிறம் எழுதியது:

பட்டறைநிழல் ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

நாங்கள் கூலிக்கு அறுப்பவர்கள். ஒரே டீலரிடம் மாறாமல் இருந்தால் அவர் நம்மை மதிப்பார் என்று நினைக்கிறோம். பல இடங்களில் நடப்பது வேறு. "இவர் எங்கே போய்விடப் போகிறார்" என்று தெரிந்த வாடிக்கையாளருக்கு நல்ல விலை வருவதில்லை, புதிதாக இழுக்க வேண்டியவருக்குத்தான் வருகிறது. அதனால் வாங்கப் போவதில்லை என்றாலும் இன்னொரு விலைப்பட்டியல் கையில் இல்லாமல் பேச உட்காராதீர்கள். இது துரோகம் இல்லை. அவரும் நம் பழைய வண்டியை இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டுத்தான் மதிப்புப் போடுகிறார்.

தூரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. பருவம் தொடங்கும் முன் உதிரிபாகப் பெட்டி ஒன்றை நம் கொட்டகையிலேயே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பயன்படுத்தியதற்கு மட்டும் காசு, மீதியை அறுவடை முடிந்து திருப்பிக் கொடுத்துவிடலாம். பல டீலர்கள் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். வண்டி நீண்ட நேரம் நின்றுவிட்டால் மாற்று வண்டி தருவீர்களா என்றும் கேளுங்கள். தருவோம் என்றால் பட்டியலின் அடியில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு அறுவடை நேரத்தில் நிற்காது.

இன்னொன்று, மென்பொருள். வண்டி காட்டும் பிழைக் குறியீட்டை நாமே படித்து, மாற்றிய பாகத்தை நாமே பதிவு செய்ய முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். அமெரிக்காவில் இது பெரிய சண்டையாகவே ஆகிவிட்டது. கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாயிகளுக்குப் பழுதுபார்க்கும் உரிமை தரும் சட்டத்தை நிறைவேற்றியது, 2024 தொடக்கத்திலிருந்து அது அமலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அந்த நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் ஜான் டியர் மீது இதற்காகவே வழக்குப் போட்டது. எந்த நிறமாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். டீலரின் லேப்டாப் வந்தால்தான் வண்டி நகரும் என்றால் தூரத்து டீலர் வேண்டாம், அவர் எவ்வளவு குறைத்தாலும் சரி.

ஈரவயல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவையும் தம்பியையும் உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டினேன். விலையை ஒழுங்காகச் சேர்த்துப் பார்த்தால், பட்டறைநிழல் அண்ணா சொன்னபடியே, தூரத்து டீலரின் பட்டியலில் மக்காச்சோள ஹெட்டரும் போக்குவரத்தும் இல்லை. வித்தியாசம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வாங்கலாமா என்று பார்த்த அந்தப் பழைய வண்டியை வேண்டாமென்று விட்டுவிட்டோம். ஆகர் விளிம்பு நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது.

இரண்டு டீலரிடமும் எங்கள் வயலில் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். இருவரும் சரி என்றுவிட்டார்கள். ஓட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்? ஈர வயலுக்கு டயருக்குப் பதில் கிராலர் (ரப்பர் பட்டை) போடலாமா?

பட்டறைநிழல் எழுதியது:

நல்லது தம்பி. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வயலில், பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஓட்டச் சொல்லுங்கள். நல்ல பயிரில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். சாய்ந்த பயிர் இருக்கிற, ஈரம் நிற்கிற மூலைக்குக் கூட்டிப்போங்கள். பயிரே நிற்காத பருவத்தில் காட்டுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஓடுகிற வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்னால் விழும் மணியை எண்ணுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சட்டென்று நிறுத்தி, அதன் நீளத்துக்குப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு இடத்தில் எண்ண வேண்டும். அறுக்காத பயிருக்குள் தானாக உதிர்ந்தது, ஹெட்டர் மட்டும் கடந்த இடத்தில் விழுந்தது, முழு வண்டியும் கடந்த இடத்தில் வைக்கோலுக்கு அடியில் கிடப்பது, அதே இடத்தில் வைக்கோல் விழாத ஓரத்தில் கிடப்பது. முதல் எண்ணை இரண்டாவதிலிருந்து கழித்தால் ஹெட்டர் சேதம். நான்காவதை மூன்றாவதிலிருந்து கழித்தால் உள்ளே அடித்துப் பிரித்ததில் போனது.

ஆயிரம் நெல்மணி 25 கிராம் என்று வையுங்கள். சட்டத்துக்குள் 40 மணி என்றால் ஒரு கிராம், ஹெக்டேருக்கு 10 கிலோ. 400 மணி என்றால் 100 கிலோ. ஆனால் வைக்கோலை வெட்டிச் சிதறாமல் ஒரே வரியாக விடுகிற வண்டியில், முழு அகலத்தில் அறுத்த பயிரின் சேதம் எல்லாம் அந்தக் குறுகிய வரிக்குள் விழுந்திருக்கும். நான்கு மீட்டர் அறுத்து ஒரு மீட்டர் அகலத்தில் விடுகிறது என்றால், உள்ளே போனதற்கான எண்ணை நாலால் வகுக்க வேண்டும். ஹெட்டர் எண்ணை வகுக்கக் கூடாது. இதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் வைக்கோல் வெட்டி போட்ட வண்டி எப்போதும் ஜெயித்ததுபோல் தோன்றும். ஓட்டிக் காட்ட வருகிறவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

எண்ணிய பிறகு ஓட்டுநரிடம் விசிறியையும் சல்லடையையும் மாற்றச் சொல்லி மறுபடி ஓட்டிப் பாருங்கள். கேபினில் உட்கார்ந்தபடி எவ்வளவு சுலபமாக மாற்ற முடிகிறது, மாற்றினால் எண்ணிக்கை இறங்குகிறதா என்பதைப் பாருங்கள். தொட்டியில் கை விட்டு ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் பரப்பி, உமி உரிந்த மணியும் பதரும் எவ்வளவு என்று பாருங்கள். உரிந்த மணி அதிகம் என்றால் உருளை வேகம் கூடுதல்.

கிராலர் விஷயம். ஈர வயலில் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கும், அமுங்காது, பள்ளம் விழாது. நெல்லே பெரும்பங்கு என்றால் போடலாம். ஆனால் நீங்கள் கூலிக்கு ரோட்டில் ஏறிப் போகிறவர்கள். தார் ரோட்டில் ரப்பர் வேகமாகத் தேயும், மாற்றும் செலவு பெரிசு. டயர் வண்டியிலேயே முன்பக்கம் மட்டும் கிராலர் மாட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். இருந்தால் அதுதான் உங்களுக்குப் பொருந்தும். எப்படியானாலும் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். ஆழமான சேற்றில் இறக்கினால் எந்த வண்டியும் திணறும்.

இரண்டிலும் சேதம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பழைய டீலரிடம் போங்கள். தூரத்துப் பட்டியலை அவர் முன்னால் வையுங்கள். விலையை அதே அளவுக்கு இறக்கச் சொல்லிக் கேட்பதைவிட, நான்குநிறம் சொன்ன உதிரிபாகப் பெட்டியையும் மாற்று வண்டியையும் எழுதிக் கேளுங்கள். அதற்கு அவர் தயங்கினால் உங்கள் தம்பி சொன்னதே சரி, அந்தப் பக்கம் போய்விடுங்கள். ஓட்டிக் காட்டிய நாளில் எண்ணிய கணக்கை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.